எப்போது கூப்பிட்டாலும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இன்னொரு கேப்டன் போய்விட்டார். போன வாரம்தான் அவரோடு பறந்தேன். பெரிய விமானக் கம்பெனியில் இடம் கிடைத்ததாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நானாக இருந்தாலும் சத்தமில்லாமல்தான் கழன்றிருப்பேன்.

அலுவலகத்தில் எங்கள் லாக்கர்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவார்கள். பழையதைக் கிழிக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. போனவர் பெயர் மேலேயே வந்தவர் பெயர். என் பக்கத்து லாக்கரில் அது அட்டை மாதிரித் தடித்துவிட்டது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். அடியில் இருப்பவர்களில் பாதிப் பேரின் முகம் நினைவுக்கு வரவில்லை. ஒரே ஓட்டலில் தங்கினோம், ஒரே மேகத்துக்குள் புகுந்து வந்தோம். முகம் இல்லை.

நான் ஏன் போகவில்லை? குழந்தைக்காக ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்த துணை விமானியை வேறு எவனும் சேர்க்கவில்லை. இவர்கள் சேர்த்தார்கள். அந்த நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை போல.

மார்ச் 6

ஜெட் விமானத்தை வாடகைக்கு விடும் கம்பெனி எங்களுடையது. பணக்காரருக்கு அவசரம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் பெட்டியைக் கட்டியே வைத்திருக்க வேண்டும். போன் மூன்று முறை அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டு முறை மன்னிப்பார்கள். மூன்றாம் முறை லாக்கரில் புதுச் சீட்டு.

பணி ஒதுக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் குயில். அவ்வளவு இனிமையான குரல். "அக்கா, ஒரு சின்ன பயணம்" என்பாள். சின்ன பயணம் என்றால் இரண்டு நாள் வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று அர்த்தம்.

மார்ச் 9, ஞாயிறு

வீடு திரும்பினால் சமையலறையில் ஒரு பூனைக்குட்டி! என் ஷூவின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னையே முறைக்கிறது.

"யார் கொண்டு வந்தது?" என்றேன்.

"நீதானே சரின்னு சொன்ன!" என்றாள் மகள். ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

"நான் எப்படி சொன்னேன்?"

"போன வாரம். கட்டில்ல. நான் கேட்டேன், நீ சரின்னு சொன்ன."

கூசாமல் பொய் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். குட்டியைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள். என் வீட்டுக்காரர், "பூனைதானே, விடு" என்றார். பூனைக்காகவா கத்தினேன்? பொய்க்காகத்தான் கத்தினேன்.

மார்ச் 15

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் இது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

நேற்று விடியும் முன்பே கிளம்பினோம். கேப்டன் கொக்கு. நெட்டையான மனிதர், நிற்கும்போது எப்போதும் ஒரு காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றிக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். நல்லவர். காலையில் போய் இறங்கியாயிற்று. பயணி திரும்ப வருவதாகச் சொன்னது பத்து மணிக்கு. பிறகு "இன்னும் ஒரு மணி நேரம்." பிறகு இன்னொரு ஒரு மணி நேரம். இப்படியே மாலை வரை. ஓய்வறையில் இரும்பு நாற்காலி, தலைக்கு மேல் ஓயாமல் அறிவிப்பு. படுக்கவும் முடியாது, போகவும் முடியாது. இதற்குக் கம்பெனிக் கணக்கில் ஓய்வு என்று பெயர்.

கிளம்பும்போது நான் இருக்கைகளைத் துடைத்தேன், ஐஸ் வாங்கி வந்தேன், பெட்டிகளை ஏற்றினேன். பயணி ஏறியதும் செருப்பைக் கழற்றிப் போட்டுப் படுத்துவிட்டார். கொடுத்துவைத்தவர்.

மேலே போனதும் வெயில் நேராக முகத்தில். இடப்பக்கம் கடற்கரை வளைந்து வளைந்து வந்தது. தானியங்கியில் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் தொழிலில் ஒருவர் கண்ணசர வேண்டுமென்றால் சொல்லிவிட்டுத்தான் அசர வேண்டும். "விமானம் உன் கையில்" என்பார் ஒருவர். "என் கையில்" என்று மற்றவர் சொன்ன பிறகுதான் கண்ணை மூடலாம். நேற்று யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தபோது கடற்கரை இல்லை. கீழே வெறும் தண்ணீர்.

உயரம் காட்டும் திரையைப் பார்த்தேன். நான் கடைசியாகப் பார்த்ததைவிட நாலாயிரம் அடி மேலே பறந்துகொண்டிருந்தோம்.

விமானம் தானாக ஏறாது. கட்டுப்பாட்டு அறை சொல்ல வேண்டும், நாங்கள் ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும், கையால் குமிழைத் திருப்ப வேண்டும். கொக்குவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"ஏத்திட்டியா?" என்றார்.

"நீங்க ஏத்தினீங்கன்னு..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

ரேடியோவில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் தேடவில்லை. அப்படியென்றால் கேட்டதற்கெல்லாம் பதில் போயிருக்கிறது.

தரை தொட்ட பிறகு கொக்கு மெதுவாகச் சொன்னார்: "இதைப் பத்தி நாம பேச வேண்டாம்மா. சரியா?"

"சரி சார்" என்றேன்.

மார்ச் 17

யார் பதில் சொன்னது?

மார்ச் 19

மறுபடி பறந்தேன், வேறொரு கேப்டனோடு. ரேடியோவில் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால் மூன்றாவதாக ஓர் ஆள் நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் அங்கே நிற்பது லாக்கர் சீட்டில் அடியில் போன யாராவதாக இருக்கும் என்று தோன்றியது. போனாலும் வேலையை விடாத ஒருவர்.

பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு? ஓட்டல் அறையில் குளியலறை விளக்கை அணைக்காமலே படுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க விடுப்பு கேட்டு இன்று காலையிலேயே குயிலுக்கு நானே போன் செய்தேன். "உடம்பு தாங்கலம்மா. என்னால பறக்க முடியாது" என்றேன். இந்த வேலைக்கு வந்த பிறகு அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. "அய்யோ பாவம்க்கா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

வாசலில் கார் ஹாரன் கேட்டு எழுந்தேன். கம்பெனி டிரைவர்.

"கிளம்பலாமா மேடம்?"

"எங்க? நான் லீவு சொல்லியாச்சே."

"நீங்க வர்றேன்னு சொன்னதாச் சொல்லித்தானே அனுப்பினாங்க?"

குயிலைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் குழம்பிப்போனாள். "அக்கா, வேற ஆளே இல்லன்னுதான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். நீங்கதானே உடனே 'சொல்லும்மா, வந்துடுறேன்'னு சொன்னீங்க? எத்தனை மணிக்குன்னுகூடத் திருப்பிக் கேட்டீங்களே!"

போனில் பார்த்தேன். அவள் அழைத்திருக்கிறாள். நான் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஆமா, பேசிக்கிட்டிருந்த. முழிச்சுட்டேன்னு நினைச்சேன். பேசிட்டு மறுபடி படுத்துட்ட" என்றார். "இது அடிக்கடி நடக்கறதுதானே?"

அடிக்கடியா!

வாண்டு கதவோரம் பூனையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடுவதற்குள் அவளாகவே சொன்னாள்: "நீ தூங்கும்போது காதுகிட்ட வந்து கேட்டா எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுவம்மா. நல்லா பேசுவ. கண்ணு மட்டும் மூடியிருக்கும்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே."

உட்கார்ந்துவிட்டேன். குழந்தையைப் பொய்க்காரி என்று திட்டினேனே. அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். நடுவில் மாட்டிய பூனை பிறாண்டிவிட்டது.

விமானத்தில் பதில் சொன்னது யாரென்று இப்போது தெரியும். பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 24

கொக்குவை நேரில் பார்த்தேன். விமான நிலையத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான்தான் சார். தூக்கத்துல சொல்லியிருக்கேன். தூக்கத்துலயே திருப்பியிருக்கேன். சரியான எண்ணைத் திருப்பினது நம்ம அதிர்ஷ்டம். அடுத்த தடவை? நடந்ததை நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்."

அவர் ஒரு காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டார். பிறகு, "நான் ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம்தான்மா. அதுவரைக்கும் என்னைத் தரையில உக்கார வெச்சிடாதே" என்றார்.

கெஞ்சினார். இறங்கும்போது எவ்வளவு காற்றடித்தாலும் முகம் மாறாத மனிதர். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை. வாய் வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன்.

மார்ச் 26

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

விசாரணை. சின்ன அறை, குளிர் எலும்பைத் துளைத்தது. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, பக்கத்தில் முதலாளியின் மருமகன். கொக்கு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மேஜையைத்தான் பார்த்தார்.

அதிகாரி கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். முதலில் ஓர் ஆண் குரல், எங்கள் விமானத்தின் பெயரைச் சொல்லி நாலாயிரம் அடி மேலே போகச் சொன்னது. உடனே நான். தெளிவாக, மரியாதையாக, கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து. குயிலிடம் பேசும்போது இழுக்கிற அதே இழுப்பு. என் குரலைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு உற்சாகம் அவளுக்கு! எதற்கு அவ்வளவு உற்சாகம்?

"உங்க குரல்தானே?" என்றார்.

"ஆமா."

"தூங்கறவங்க இப்படியா பேசுவாங்க? ஒரு எழுத்துத் தப்பில்லையே."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

மருமகன் சிரித்தார். அதிகாரி கொக்குவின் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றார் கொக்கு. "அவங்களும்தான்."

அவ்வளவுதான். முடிந்தது. விழித்திருந்தேன் என்பதற்கு என் குரலே சாட்சி. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வெளியே வந்ததும் குயிலைப் பார்த்தேன். இத்தனை நாளில் இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். சின்னப் பெண், கண்ணைச் சுற்றிக் கருவளையம். இரண்டு கையிலும் இரண்டு போன். "போகாதீங்கக்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 4

ராஜினாமா. லாக்கரைக் காலி செய்தேன். என் பெயர்ச்சீட்டை மட்டும் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அதற்குக் கீழே இன்னொருத்தரின் பெயர் வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20

போனை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். அப்படியும் மணியடிப்பது கேட்கிறது. எழுந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் ஏதோ பேசினேனாம். "இதோ கிளம்பிட்டேன்" என்றேனாம். எங்கே கிளம்பினேன்?

மே 12

விமானி ஆகப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் போனால் மாலையில் வீடு. தரையில்தான். விமானச் சத்தம் கேட்டால் இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன், அதை மறைப்பானேன்.

ஜூன் 21, சனி

காலையில் கொக்கு கூப்பிட்டார். விசாரணைக்குப் பிறகு முதல் முறை. எடுக்கலாமா என்று யோசித்துவிட்டு எடுத்தேன்.

"நல்லாயிருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்."

"உன் இடத்துல ஒரு புதுப் பையன். நல்ல பையன். போன வியாழக்கிழமை அவனும் கண்ணசந்துட்டான். நானும்தான். கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. சுத்திப் பறந்த விமானம் எல்லாம் மாத்தி மாத்திக் கூப்பிட்டிருக்கு. இறங்க வேண்டிய ஊரையே தாண்டிட்டோம். இந்தத் தடவை பதில் சொல்ல யாரும் இல்லம்மா."

"யாருக்கும் ஒன்னும் ஆகலையே?"

"இல்ல. பயணிதான் வந்து எழுப்பினார்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வெளியிலிருந்து ஆளுங்க வந்து விசாரிக்கிறாங்க. கம்பெனி விமானம் எல்லாம் தரையிலதான் நிக்குது. நான் எழுதிக் கொடுத்துட்டேன். ரெண்டு தடவையும். உன்கூட நடந்ததையும் சேர்த்து."

"உங்க ஒன்றரை வருஷம்?"

"அது போச்சு" என்றார். "உன்னைப் பொய்க்காரியாக்கிட்டேன். மன்னிச்சுடும்மா."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்த இரண்டு பேரும் பதிலில்லாமல் மிதந்து போனதுதான் கண்ணுக்குள் நின்றது. அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சாப்பிட்டுவிட்டு, பூனை பக்கத்தில் சுருண்டுகொள்ள, படுத்தேன்.

எழுந்தபோது கட்டிலோரத்தில் வாண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன். காதுகிட்ட வந்துகூடக் கேட்டேன். நீ பதிலே சொல்லல. சும்மா தூங்கிக்கிட்டே இருந்த."

இன்னொரு பூனைக்குட்டி வேண்டுமாம். முடியாது என்று சொன்னேன், எழுந்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து.