ரொட்டிக்குக் காட்டிக் கொடுக்காதவள்

வியாழன் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து எவரிடமும் காட்டாதீர்கள்.

வகுப்பில் நான் ஒளித்துப் படித்த நாவல் எங்கள் பெஞ்சில் டீச்சரிடம் சிக்கியது. தோழியைக் காட்டிக் கொடுத்தால் ரொட்டி தரும் கொடுங்கோல் நகரத்தின் கதை அது.

"யாருது?"

பக்கத்திலிருந்த ஸ்டெல்லா எழுந்து, "என்னுது மிஸ்" என்றாள். எங்கள் இருவர் அம்மாவுக்கும் ஷூ கம்பெனியில் வேலை. ஷூவின் உள்பக்கம் ஒட்டி மிஞ்சிய லைனிங் தோலில்தான் எங்கள் எல்லாப் புத்தகங்களுக்கும் அட்டை. யாருடையது என்று அட்டையை வைத்துச் சொல்ல முடியாது; டீச்சர் நம்பிவிட்டார். நாளை அவள் அப்பா பள்ளிக்கு வர வேண்டும். அவர் அடிப்பார்.

"இன்னாத்துக்குடி மாட்டிக்கின?" என்றேன், வகுப்பு முடிந்ததும்.

"கதையில வர்ற பொண்ணு வெறும் ரொட்டிக்கு தோஸ்த்தைக் காட்டிக் குடுத்துட்டா. நான் பிரியாணிக்குக் கம்மியா ஒத்துக்க மாட்டேன்டி."

பயத்திலும் சிரிப்பு வருகிறது. எனக்கு இப்படி ஒருத்தி இருக்கிறாள். அவளை அடி வாங்க விடமாட்டேன்.

கதவு தட்டும் சத்தம். அம்மா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டாள். நாவல் என்னுடையதுதான் என்று இப்போதே சொல்லிவி—