குப்பைப் பெட்டியில் மாமனார்

மார்ச் 3, செவ்வாய்
வீட்டு மெயிலுக்காகச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் நானே வைத்திருக்கும் மெயில் சர்வருக்கு இன்றும் வண்டி வண்டியாய் ஸ்பாம், குப்பை மெயில். "இலவசமா மெயில் தர்றவங்க அத்தனை பேர் இருக்கறப்ப நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி? இந்த வாரத்தோட மூட்டை கட்டிடு" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். வேலை போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் எரிச்சல். நேர்முகத்துக்குப் போய்வந்த லிஃப்ட் கம்பெனி இன்னும் பதில் போடவில்லை. அந்தக் கோபம் என் சர்வர் மேல். பாவம்தான். ஆனாலும் என் சர்வரைச் சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

வடிகட்டியை இறுக்கினேன். பரிசு, அதிர்ஷ்டம், 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்' — எது இருந்தாலும் நேராகக் குப்பைப் பெட்டிக்கு. வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குப்பைப் பெட்டி. அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

மார்ச் 5, வியாழன்
ஒரு ஸ்பாம்கூட இல்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சேலையில் காலர் ஏது, இருந்தாலும்.

மார்ச் 7, சனி
மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. காபியும் கையுமாகக் குப்பைப் பெட்டியைப் படிக்கிறார். பதில் வேறு போடுகிறார்! "பதில் போட்டா இன்னும் நிறைய வரும் மாமா." "வரட்டுமே. எனக்கும் நாலு பேர் கடுதாசி போட வேணாமா?"

அங்கிருந்து பதில் போட்டால், மெயில் யாருக்கு வந்ததோ அவர் பெயரில்தான் போகும். நான் செய்த ஏற்பாடுதான். திருத்த வேண்டும். நாளைக்கு.

மார்ச் 9, திங்கள்
திருத்தவில்லை.

அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்த லிஃப்ட் கம்பெனிக்கு நான் வேணாம் போல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 10, செவ்வாய்
ஐயோ. ஐயோ.

சந்தேகம் வந்து குப்பையைக் கிளறினேன். லிஃப்ட் கம்பெனி வெள்ளிக்கிழமையே வேலை கொடுத்து எழுதியிருக்கிறது. 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! அதற்குக் கீழே மாமாவின் பதில், என் வீட்டுக்காரர் பெயரில்: "இந்தச் சம்பளத்துக்கு எவன் வருவான்? ஏமாத்தறதுதான் ஏமாத்தறீங்க, கொஞ்சம் பெரிய தொகையாப் போட்டு ஏமாத்தக் கூடாதா?"

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. போச்சு, எல்லாம் போச்சு —

அதற்கும் கீழே இன்று காலை வந்த மெயில். தங்கள் வெளிப்படையான கருத்தை மதித்து ஊதியத்தை உயர்த்தியிருக்கிறோமாம். மகிழ்ச்சியுடன்.

மாமாவிடம் ஓடினேன். "அட, அவனா? இன்னும் கொஞ்சம் ஏத்துவான் இரு, எழுதிக்கிட்டிருக்கேன்." லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மனுஷருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "என் பையன்கிட்ட சொல்லிடாதம்மா." "நீங்களும் சொல்லிடாதீங்க மாமா."

கடைசி மெயிலை மட்டும் என் வீட்டுக்காரரின் பெட்டிக்கு நகர்த்தினேன். படித்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறகு, "நான் எந்தக் கருத்தும் சொல்லலையே?" என்றார். "நேர்முகத்துல ஏதாவது சொல்லியிருப்பீங்க" என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி
சர்வரை மூட்டை கட்டும் பேச்சு இப்போது இல்லை. சாப்பிடும்போது அவர் சொன்னார்: "ஆபீஸ்ல மேனேஜர் எல்லார்கிட்டயும் கத்தறார். என்கிட்ட மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாப் பேசறார். ஏன்னே தெரியலை."

மாமா தண்ணீர் குடித்தார். நானும் குடித்தேன்.