தனபால் பேரைப் படிக்கும் ஞாயிறு

எந்நேரமும் என் மனசிலேயே நடமாடுகிற ஆரோக்கியம் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு வருகிற முதல் மல்லாட்டை இது. வேரில் கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் கொல்லைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த வருடம் இதே மல்லாட்டைக் காலத்தில்தானே, பொதுக் கிணற்றில் தண்ணீர் முறைக்காகப் பக்கத்து நிலத்துத் தனபால் உங்களை மண்வெட்டிக் காம்பால் அடித்தான்? நான் எதையும் மறக்கவில்லை. அடுப்பில் கேப்பைக் களி. கிண்டிய துடுப்போடு ஓடி வந்தேன். உங்கள் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டும் அந்தக் கை கடைசிவரை மடங்கவில்லை. போலீஸ் கேட்டதற்கு, "கேஸு வேணாங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதோடு விட்டீர்களா? வருடா வருடம் நம் சர்ச்சில் காணிக்கை கட்டி, அந்த வாரத்து ஞாயிறு பூசையை அவனுக்காகக் கொடுத்தீர்கள். "தனபால் குடும்பத்தின் நலனுக்காக, கொடுப்பவர் சூசை" என்று உங்கள் பேரோடு சாமியார் மைக்கில் படிப்பார். நான் எழுந்து பின்வாசல் வழியாகப் போய் மணிக்கூண்டு அடியில் நிற்பேன். வீட்டில் சண்டை போட்டால், "அடிச்சவனுக்காக வேண்டிக்கச் சொல்லி ஆண்டவரே சொல்லிக்கிறாரு. உனக்கு இன்னா பேஜாரு?" என்பீர்கள்.

இப்போது நம் பிள்ளை ஆரோக்கியம் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுவதை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டான். ஆட்டோ சீட்டுக்கு அடியில் புதுக் கத்தி இருக்கிறது. திண்டிவனத்தில் வாங்கினானாம். மல்லாட்டை பிடுங்கக் கத்தி எதற்குடா என்றேன்.

"சும்மா இரும்மா. அப்பா இருந்தவரைக்கும்தான் அடங்கிக்கினு இருந்தேன்."

அவன் பிள்ளைகள் இரண்டும் அந்த ஆட்டோவில் ஏறித்தான் விளையாடுகின்றன.

போன வாரம் ரேஷன் கடையில் தனபால் பெண்டாட்டி வள்ளி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த வருசம் எங்க வூட்டுக்காரு பேரு படிப்பாங்களா?"

"எங்க பூசை உனக்கு எதுக்குடி? நீங்க கூழு ஊத்துற அம்மன் கோயில்ல போய்க் கேளு."

"கோவப்படாதக்கா. வருசா வருசம் சர்ச்சுக்கு எதிர்த்தாப்புல டீக்கடையில நின்னு மைக்குல கேட்டுட்டுத்தான் வருவாரு. பேரு வந்துட்டா, இந்த வருசமும் யாரும் வெட்ட வர மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு. சூசை அண்ணன் செத்ததுலேர்ந்து மோட்டார் கொட்டாய்க்குக்கூட தனியா போறதில்ல. எம் புள்ள தலமாட்டுல அருவா வச்சிக்கினு படுக்குறான்."

அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை, ஒரு அரிவாள்!

இது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அவனை நேசித்துத்தான் பூசை கொடுத்தீர்களா, இல்லை நம் பிள்ளை கத்தி எடுத்துவிடுவான் என்று பயந்தீர்களா? இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நேற்று அதே பூசையைக் கொடுக்கச் சாமியாரிடம் போனேன். யார் கொடுப்பதாகப் படிக்கட்டும் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அவருதான் இறந்துட்டாரேம்மா. உங்க பேரு போடட்டுமா?"

என் பேரைக் கேட்டால் தனபாலுக்குப் பயம் தெளியுமா? என்னைக் கண்டு யார் பயப்படுகிறார்கள்?

"எம் புள்ள ஆரோக்கியம் குடுக்குறான்னு படிங்க சாமி."

"தம்பிக்குச் சம்மதமா?"

"ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும் சாமி" என்று சொல்லிவிட்டு ஜல்தியாக வந்துவிட்டேன்.

நாளைக்கு ஞாயிறு. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தன் பேரை மைக்கில் கேட்டதும் எழுந்து வெளியே ஓடினால்? தனபால் எதிரே டீக்கடையில்தான் நிற்பான். அவன் பிள்ளையும் கூட வந்திருந்தால்?

இந்த முறை நான் மணிக்கூண்டுக்குப் போக மாட்டேன், சத்தியம். பெண்கள் பக்கத்தை விட்டு, ஆண்கள் பக்கம் போய் ஆரோக்கியத்தை ஒட்டி உட்காருவேன். யார் என்ன பேசினாலும் சரி. பேரைப் படிக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். உதறினாலும் விட மாட்டேன். இழுத்துக்கொண்டு போனால் டீக்கடை வரைக்கும் நானும் கூடவே போவேன்.

தனபாலை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் தீராத உங்கள் மனைவி,
ஆரோக்கியத்தின் அம்மா
மரியபுஷ்பம்