எல்லாரும் வெட்டிய பாத்திகள்

அக்கா,

இன்று காலை அவரைக்கொடிக்குத் தெளிப்பதற்காக, புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து ஊறவைத்திருந்த குடத்தைத் திறந்தேன். வாடை அடித்ததும் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. முதன்முதலில் இதை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து, "பூ உதிராது டீச்சர். ஆனா இன்னைக்குப் பூராம் யாரும் உங்க பக்கத்துல வர மாட்டாங்க" என்று சிரித்தது நீங்கள்தான்.

பள்ளிக்கூடத்துக்குள் நீங்கள் முதல்முறை வந்தபோது சிரிக்கவில்லை.

நான் விளாங்குடிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்த இரண்டாவது வருடம் அது. விதை முளைப்பதைப் படத்தில் காட்டிக் காட்டி எனக்கே அலுத்திருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் கருவேல முள்ளும் உடைந்த ஓடுமாகக் கிடந்த இடத்தைத் தோட்டமாக்கத் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கினேன். முதல் நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "மம்பட்டி பிடிக்கத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டேன். எட்டுக் கைகள் உயர்ந்தன. அவர்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தேன். மற்றவர்களிடம் நோட்டையும் அளவு நாடாவையும் கொடுத்து, நடப்பதை எழுதச் சொன்னேன். அன்று மாலை மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே வகுப்பு வாசலில் நின்றீர்கள். தையல் கம்பெனிக்குக் கிளம்பிய கோலம், கழுத்தில் அடையாள அட்டை. மகள் ரேவதியின் உள்ளங்கையை விரித்துக் காட்டினீர்கள். இரண்டு கொப்புளங்கள்.

"எங்க அம்மா அடுத்தவுக வயல்ல குனிஞ்சு குனிஞ்சே கூனிப்போச்சு டீச்சர். அந்தப் பொழப்பு எம்மகளுக்கு வேணாம்னுதான் இங்க சேத்தேன். நீங்களும் மம்பட்டியக் கொடுத்தா நான் எங்கிட்டுப் போறது?"

"தெரிஞ்சவங்களத்தான் கேட்டேன்க்கா. யாரையும் கட்டாயப்படுத்தல."

"சரி. நோட்டுல எழுதுனது யார் யாரு? அந்தப் பேரைச் சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினேன். நான்காவது பெயரோடு நாக்கு நின்றுவிட்டது. எழுதியவர்கள் எல்லாரும் ஆசிரியர், குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள். வெட்டிய எட்டுப் பேரும் உங்கள் தெருவிலிருந்து வருகிறவர்கள். நான் அப்படிப் பிரிக்க நினைக்கவில்லை. ஆனாலும் பிரித்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க அங்கேயே நின்றும் அது என் கண்ணில் படவில்லை.

தோட்டமே வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் உங்களுக்கு அதிகக் கோபம் வந்தது.

"அத ஏன் விடணும்? எல்லாரும் வெட்டட்டும், எல்லாரும் எழுதட்டும். மொதல்ல நீங்க வெட்டுங்க."

அந்த வாரம் நான் வெட்டினேன். கொப்புளம் எனக்கும் வந்தது. அதன்பின் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்தேன். இன்று வெட்டுகிறவர் நாளை எழுதுவார். உடனே ஒரு பையனின் அப்பா வந்தார். ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. "படிக்க அனுப்புனா மண்ணு சுமக்க விடுறீங்களே மேடம்?" என்றார். "எல்லாப் பிள்ளைங்களும்தான் சார் சுமக்குறாங்க, நானும்தான்" என்றேன். முகம் தெளியாமலே போனார். ஆனால் மகனைத் தடுக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நீங்கள் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தீர்கள். உதவிக்கு வருவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் கை கட்டி நிற்பீர்கள். பொறுக்க முடியாமல் போனால் மட்டும் குரல் வரும்: "இம்புட்டு ஆழத்துல பொதைச்சா அவரை எப்ப டீச்சர் வெளிய வரும்?" மண்வெட்டியை மட்டும் மாதக்கணக்கில் நீங்கள் தொடவில்லை.

பரப்பளவுக் கணக்கு ரேவதிக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாமல் இருந்தது நினைவிருக்கிறதா? ஒருநாள் அவளே கயிறு பிடித்துப் பாத்தியை அளந்தாள். மறுநாள் கரும்பலகையில் அதை வரைந்து வகுப்புக்கு விளக்கினாள். இதை நான் சொன்னபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டியிருந்த பந்தல் கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினீர்கள். பிறகு மண்வெட்டியை எடுத்தீர்கள். நாங்கள் ஒரு மணி நேரமாகப் போராடிய இடத்தைப் பத்து நிமிடத்தில் பாத்தியாக்கினீர்கள். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். "என்ன வேடிக்கை? எழுதுங்க" என்று அதட்டினீர்கள்.

அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றியது. செடிகள் கருகின. அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கொட்டகை போடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. எந்தக் கூட்டத்திலும் பேசாத நீங்கள் எழுந்தீர்கள்.

"எங்க தெருப் பிள்ளைக மட்டும் வெட்டுன தோட்டம்னா, அழிங்கன்னு நானே சொல்லிருவேன். இது எல்லாரும் வெட்டுனது. லீவு முடியிற வரைக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு நாள், நாலு குடம் தண்ணி. நாளைக்கு நான் ஊத்துறேன். மறுநாளு யாரு?"

கடைசி வரிசையிலிருந்து அந்தக் குமாஸ்தா கையைத் தூக்கினார். "நான் ஊத்துறேன்ம்மா." கொட்டகை முன்வாசல் பக்கம் போனது.

நீங்கள் நோயில் படுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முதல் நாள் நான் செய்ததற்கு ஒருமுறையாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தேன். பாதி சொல்வதற்குள் கையமர்த்தினீர்கள்.

"அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு டீச்சர். வெண்டைக்காய முத்த விட்டுறாதீங்க."

அதன்பின் உங்களை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ரேவதி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வேளாண்மை எடுப்பாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. "தோட்டம் வேற, பொழப்பு வேற டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். அப்படியே உங்கள் குரல்.

நீங்கள் அன்று கேட்ட கேள்வி தோட்டத்தோடு நிற்கவில்லை அக்கா. பெஞ்சு தூக்க யாரை அழைக்கிறோம், விருந்தினருக்கு வரவேற்புரை சொல்ல யாரை அழைக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது வருடம் முழுக்க அதே மூன்று பேர் என்பது போன வாரம்தான் உறைத்தது. தினமும் மைக்கைத் தூக்கிவந்து வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் செய்தித்தாளைக் கொடுத்தேன். முதல் வரியில் திக்கினாள். இரண்டாம் வரியில் யாரோ சிரித்தார்கள். மூன்றாம் வரியில் அவள் குரல் உயர்ந்தது. மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.