ஏரிக்குப் பதினைந்து எச்.பி.

அஞ்சம்மாள் அக்காவுக்கு,

மீன் குத்தகை எடுத்த ஏரியில் இன்று படகு ஓட்டிப் பார்த்தோம். இருந்தவர்கள்: மாமா, படகு மோட்டார் விற்கிற திண்டிவனம் ஏஜெண்டு வெங்கடாசலம், நான், கரையில் ஒரு எருமை.

அலுமினியப் படகு நல்ல படகு. இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதற்கு ஐந்து எச்.பி. மோட்டாரே போதும் என்று விற்கிறவரே சொன்னார். மாமா கேட்கவில்லை.

"கெணத்துக்கே அஞ்சு போட்டு எறைச்சிக்கினு இருக்கேன். ஏரி எம்மாம் பெருசு, பதினஞ்சு வேணாமா?"

"அண்ணே, இது எறைக்கறதுக்கு இல்லீங்க, போறதுக்கு."

மாமா பதினைந்தை மாட்டி முறுக்கினார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, மாமா தண்ணீருக்குள் போனார். நீச்சல் தெரியாதவரை நான்தான் முடியைப் பிடித்து இழுத்தேன். கரையேறியதும், "இழுவையப் பாத்தியாடா?" என்று சிரிக்கிறார். பதினைந்து வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "காலேஜ பாதியில உட்டவன் பேசாத" என்றார்.

ஆறு மணிக்கு ஏஜெண்டு கையெழுத்துக்கு வருவார். ஐந்து போதும் என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடு. எனக்கு நைட் ஷிஃப்ட், முண்டியம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மிளகு ரசம் அடுப்பில் இருக்கிறது. மாமாவுக்குச் சூடாகக் கொடு.

பின்குறிப்பு: ஜன்னல் வழியாகக் கொடு. சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது, ஏஜெண்டு பஸ் ஏறும்வரை எடுக்காதே. மாமா தலை துவட்ட உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டேன்.