பிளாஸ்மா த்ரஸ்டரில் நீ வைத்த பொட்டு

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடி மேல் டேப் ஒட்டி, உன் கோணல் கையெழுத்தில் என் பெயர். “உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாருக்கா. நான் தொறந்து பாக்கல” என்றாள். திறந்தேன். நம் த்ரஸ்டர். அதன் வெள்ளைப் பீங்கான் தட்டில் கருகி ஒட்டிய சந்தனம்.

அடப்பாவி, இது உனக்கே நன்றாக இருக்கிறதா?

கல்லூரி ஆய்வகத்தில் நாம் இருவரும் இரண்டு வருடம் மாங்கு மாங்கென்று உழைத்தது இதற்குத்தான். ஷூ பெட்டி அளவு செயற்கைக்கோள். அதன் கேமரா தரையில் ஒரே இடத்தை ஆடாமல் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு த்ரஸ்டர், கோளை லேசாகத் தள்ளித் திருப்பும் குட்டி இயந்திரங்கள். டெஃப்லான் கட்டி மேல் மின்பொறி ஓடினால் அதில் துளி ஆவியாகிப் பிளாஸ்மாவாய்ப் பீய்ச்சியடிக்கும். ஒரு கொசு உட்கார்ந்த கனம்கூட இருக்காது அந்தத் தள்ளல். இரண்டும் ஒரே அளவில் தள்ளினால்தான் கேமராவின் முகம் நேராக நிற்கும். கட்டியைத் தாங்கும் பீங்கான் தட்டில் விரல் பட்டாலே பொறி தடம் மாறும் என்று நான் கையுறை போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து மூடினேன். “இம்புட்டு சுத்தம் உங்க வீட்டு அடுப்படில கூட இருக்காது” என்று சிரித்தாய்.

ஆயுத பூஜைக்கு நான் ஆத்தூர் போய்விட்டேன். நீ இருந்து பம்புக்கு, மின்னலை காட்டும் ஸ்கோப்புக்கு, வெற்றிடக் கலத்துக்கு எல்லாம் சந்தனம் வைத்தாய். சரி, எல்லா லேபிலும் வைப்பதுதான். நான் மூடியதில் இடப்பக்கத்தைக் கழற்றி உள்ளேயும் வைத்திருக்கிறாயே, அறிவுகெட்டவனே!

விடுமுறை முடிந்து துறைத் தலைவர் முன்னால் சோதனை. வலப்பக்கம் ஒழுங்காகத் தள்ளியது. இடப்பக்கத்தில் பொறி டெஃப்லானை விட்டுவிட்டுப் பீங்கான் மேல் ஓடியது. தள்ளலைக் காட்ட வேண்டிய லேசர் புள்ளி சுவரில் அசையவே இல்லை. நான் பதறினேன். “செத்த நேரம் வெளிய இரு, நான் பாத்துக்கறேன்” என்று கதவைச் சாத்தினாய். பிறகு வந்து, என் எதிரிலேயே தலைவரிடம், “அசெம்பிளி முழுக்க அவங்கதான் சார். சரியா கிளீன் பண்ணாம மூடிட்டாங்க” என்றாய்.

இப்போது இந்தத் தட்டில் நீ அவசரமாகத் துடைத்த கோடுகள் தெரிகின்றன. பஞ்சு நார்கூட ஒட்டியிருக்கிறது. அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தோடு என்னைத் திட்டத்திலிருந்து தூக்கினார்கள். நீ புதிதாகச் செய்தது விண்ணுக்குப் போனது, பெயர் வாங்கினாய். நான் எரியோடு ஊரில் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறேன். இத்தனை வருடமும் என் கைதான் தப்பு செய்தது என்று நம்பினேனடா! இன்றைக்கும் ஒவ்வொரு போர்டையும் மூன்று தடவை துடைக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம் “நல்லாருக்கியா” என்று டீ வாங்கித் தந்தாயே, அப்போது சொல்ல வாய் வரவில்லையா? செத்த பிறகு டப்பா அனுப்புகிறாய். அதிலும் ஒரு வரி கடிதம் இல்லை.

உன் மனைவி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களுக்கு எதுவும் கெடுதல் பண்ணிட்டாராக்கா? கடைசில உங்க பேரத்தான் சொல்லிட்டே இருந்தாரு.”

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. “ஆமாம்மா, பண்ணிட்டாரு” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு அழுதாள். நீ கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு, நீ அழுதிருக்க வேண்டிய அழுகை. போகிற போக்கில் அதையும் இன்னொரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அவள் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் உன்னைத் திட்டுகிறேன்.