நாற்காலிக்கு அடியில் பன்னிரண்டு தொகுதிகள்

மார்ச் 4
அப்பாவின் நாற்காலிக்கு அடியில் என் கலைக்களஞ்சியத்தை வைத்தேன். பன்னிரண்டு தொகுதிகள், ஒரு காலுக்கு மூன்று. நிமோனியாவில் மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததில் அவர் தொடைகள் வற்றிவிட்டன. தாழ்வான இருக்கையிலிருந்து எழ முடியவில்லை.
“முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏத்தி இறக்கினேன். இப்ப என்னை ஏத்த இத்தனை புஸ்தகம் வேண்டியிருக்கு பாரு.”
சிரித்தேன். அம்மா இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பாள்.

மார்ச் 7
பிசியோதெரபி செய்யும் பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி, புத்தகங்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடச் சொன்னார். பிறகு அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன்.
“கையை எடுங்க.”
“விழுந்துட்டா?”
“பக்கத்துல நில்லுங்க, போதும். நீங்க தூக்கினா உங்க கைக்குத்தான் பலம் வரும்.”
ஐந்து முறை எழுந்தார். ஐந்தாவதில் தொடை நடுங்கியது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவர் போனதும் அப்பா பெயர் வைத்துவிட்டார்: இன்ஸ்பெக்டர். லிஃப்டைச் சோதிக்க வருடா வருடம் ஒருவர் வருவாராம், ஒரு நட்டைக்கூட விடமாட்டாராம்.

மார்ச் 15
காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. நடுவில் தண்ணீர் பாட்டில்களைக் கையில் ஏந்தித் தூக்கி இறக்குவது. எண்ணுவது என் வேலை.

மார்ச் 19
நான் நூலகத்துக்கு வேலைக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போன பாட்டில்கள் மாலையிலும் மூடி திறக்காமல் இருந்தன. தூக்குகிறார், குடிப்பதில்லை. கேட்டால் தாகமே இல்லை என்றார். பிறகு, சுவரைப் பார்த்தபடி —
“குடிச்சா போகணும்மா. பாத்ரூம்ல உக்காந்தா எந்திரிக்க முடியல. எத்தனை தடவைதான் உன்னைக் கூப்பிடறது?”
எத்தனை நாளாக இப்படி? நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

மார்ச் 28
கடிதம் வந்துவிட்டது. வெளியூர் ஆவணக் காப்பகத்தில் வேலை. மூன்று வருடமாக விண்ணப்பித்த வேலை. ஜூன் 10க்குள் பதில் சொல்ல வேண்டும். மேசை இழுப்பறையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.
அக்கா போனில்: “நீ எத்தனை நாள்டி இப்படியே இருப்ப? நல்ல முதியோர் ஹோமா பார்த்து அப்பாவைச் சேர்த்துடலாம்.” கெட்டவள் இல்லை அவள். தூரத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான்.
அவர் கால்கள் தேற வேண்டும் என்று நான் தவிப்பது அவருக்காகவா, எனக்காகவா?

ஏப்ரல் 9
முதல் அடுக்கை எடுத்தோம். தரையில் மண்டியிட்டு, நாற்காலிக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உருவினேன். அட்டைகளில் வட்டமாகத் தழும்பு.

ஏப்ரல் 10
எழ முடியவில்லை. திரும்ப வைக்கட்டுமா என்றேன்.
“எடுத்தது எடுத்ததுதான்.”

ஏப்ரல் 14
எழுந்தார்! மூன்று முறை.

மே 6
இரண்டாம் அடுக்கும் போயிற்று. இப்போது மாடிப்படியில் இரண்டு படி ஏறி இறங்குகிறார்.
“ஓவர்லோடு, இன்ஸ்பெக்டரம்மா. மணி அடிக்குது.”
“இன்னும் ரெண்டு தடவை ஏறுங்க, அப்புறம் அடிக்கட்டும்.”
மதியம் வந்து பார்த்தால் பாட்டில் காலி. இந்த மாதம் நான் படித்த நல்ல செய்தி இதுதான்.

மே 24
தரையிலிருந்து எழுந்திருக்கும் பயிற்சி. கட்டிலைப் பிடித்து ஒரு முட்டி, அடுத்து ஒரு பாதம். தவறி விழுந்தாலும் தானாக எழ முடிந்தால்தான் தனியாக இருக்கலாம் என்கிறார் இன்ஸ்பெக்டர். அப்பா பாதியில் நின்றுபோனார்.
“மரம் மாதிரி நிக்கிற! கை குடு!”
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் இன்ஸ்பெக்டர்தான் தூக்கிவிட்டார். சாயங்காலம் வரை அப்பா என்னோடு பேசவில்லை. நான் என்ன பொண்ணு?

ஜூன் 8
தரையிலிருந்து எழ அப்பாவால் இன்னும் முடியவில்லை. வேலைக்கு வர இயலாது என்று பதில் எழுதி, வந்த கடிதத்தோடு இழுப்பறையில் வைத்தேன். நாளை மறுநாள்தான் கடைசி நாள்.

ஜூன் 9
மாலை வீட்டுக்கு வந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலி தாழ்ந்து தெரிந்தது. அடியில் ஒன்றுமில்லை. கடைசி நான்கு தொகுதிகளும் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன, வரிசை மாறி, ஒன்று தலைகீழாக. தரையில் மண்டியிடாமல் அந்தத் தட்டு கைக்கு எட்டாது.
“யாராவது வந்தாங்களாப்பா?”
“இங்க யாரு வரா?” பேப்பரை இறக்கவில்லை. “பேனா தேடி உன் இழுப்பறையைத் திறந்தேன். ரெண்டு கடுதாசி இருந்துச்சு. ஒண்ணைக் கிழிச்சுட்டேன். எதைன்னு கேக்காதே.”
கேட்கவில்லை. புத்தக வரிசையையும் மாற்றவில்லை.

ஜூலை 16
காப்பகத்தில் இரண்டாம் வாரம். மதியம் வீட்டுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி செய்தேன். ஒன்பதாவது மணியில் எடுத்தார்.
“ஏம்ப்பா இவ்வளவு நேரம்?”
“தரையில உக்காந்து டேபிள் ஃபேனைக் கழட்டிட்டிருக்கேன். எந்திரிச்சு வர வேண்டாமா?”